வெந்து செத்ததா, ஆடிச் செத்ததா?

செத்துப்போன ஒரு ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தால் போதும், அது எப்படிச் செத்தது என்று என் மைனி சுசீலாபாய் சொல்லிவிடுவார். எந்தத் திருவிழா, யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். மூடியைக் கழற்றுவார், மூக்கருகே கொண்டுபோவார், சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். பிறகு ஒரே சொல்தான். "வெந்தது." அல்லது, "முறிஞ்சது."

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். எங்கள் பக்கம் என்றால் பளுகலுக்கு அருகே, கேரள எல்லையை ஒட்டி, ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் வாழும் ஒரு சிற்றூர். அப்பா பால் வெட்டினார். அம்மா மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கினார். அந்த வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், இயற்பியலில் பி.எஸ்ஸி. எங்கே எதை எழுதினாலும் இதை ஒருமுறை சொல்லிவிடுவது என் வழக்கம். சொல்லாமல் விட்டால் அந்த இரண்டு பேரின் உழைப்பை மறைத்ததுபோல எனக்கு உறுத்தும். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லத் தக்கவர் யார் என்று கேட்டால், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட மைனியின் பெயரைத்தான் முதலில் சொல்வேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

திருமணத்துக்கு முன் மைனி குழித்துறையில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். மேசை விசிறிக்கும் மிக்சிக்கும் கம்பி சுற்றுகிற வேலை. கொத்தனாரான என் அண்ணன் ராஜையனைக் கட்டிக்கொண்டு 1989-இல் திருவனந்தபுரம் வந்தார். கரமனை ஆற்றுப் பாலத்துக்கு இப்புறம் ஒரு வாடகை வீடு. அதன் முன்னறையில் மேசை போட்டு மறுபடியும் விசிறிகளுக்குக் கம்பி சுற்றத் தொடங்கினார். அடுத்த வருடமே ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் கிழிந்துபோன ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்குள்ளயும் கம்பிதானே, பாத்துப் பண்ணிக் கொடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார். மைனி அதற்குள் இருந்த பழைய காயிலை, அதாவது கம்பிச் சுருளை, சுற்றுச் சுற்றாக எண்ணிப் பிரித்தார். அதே எண்ணிக்கையில், அதே பருமனுள்ள கம்பியில், தலைமுடி நுழையாத நெருக்கத்தில் புதிதாகச் சுற்றினார். அந்த ஸ்பீக்கர் பாடியது. ஏழு வருடத்தில் கரமனை, நேமம், பாப்பனங்கோடு, பாறசாலை வரை உள்ள சவுண்ட்காரர்கள் எல்லாரும் மைனியிடம் வந்துகொண்டிருந்தார்கள். விசிறி வேலை நின்றே போனது.

மைனியிடம் ஒரு நோட்டு உண்டு. தேதி, கொண்டு வந்தவர் பெயர், அதற்கு எதிரே சாவின் காரணம், ஒரே சொல். அளவுக்கு மீறி மின்சாரம் ஏறினால் காயில் சூடாகி, கம்பிமேல் பூசிய இனாமல் கருகி, கம்பி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த மணம் வரும். அது வெந்தது. சூடே ஏறாமல், டயாப்ரம் என்கிற மெல்லிய தகடு தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் ஆடினால் விளிம்பு விரியும், கம்பி அறுந்துபோகும். காயில் மட்டும் புதுசுபோல மின்னும். அது முறிஞ்சது. இந்த இரண்டு சாவும் ஒன்றல்ல என்பதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை.

1997 கடைசியில் நான் பட்டம் முடித்து வேலை தேடி அண்ணன் வீட்டுக்கு வந்தேன். பாரலல் காலேஜ் என்று இங்கே சொல்லும் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் நடத்தக் கிடைத்தது. அப்போதுதான் சாம்பசிவன் விவகாரம் தொடங்கியது.

சாம்பசிவன் கரமனையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இப்பகுதியில் பெரிய சவுண்ட் சர்வீஸ் அவருடையதுதான். ஏற்கெனவே ஓடிய எட்டுப் பெரிய பெட்டிகளை ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் கீழே பதினைந்து அங்குல பேப்பர் கோன். மேலே ஒரு குழல். குழலின் பின்னால், முஷ்டி அளவு யூனிட். மைனி செய்வது அந்த யூனிட்டுக்குள் இருக்கும் டயாப்ரம்; எட்டுக்கும் மைனி சுற்றியதையே போட்டிருந்தார். கார்த்திகையிலிருந்து மாசிக்குள் சாம்பசிவனிடமிருந்து பதினொரு டயாப்ரம் செத்து வந்தது. ஒரு முறை சரிசெய்து கொடுத்தது பத்து நாளில் திரும்ப வந்தது.

பதினொன்றாவதைச் சாம்பசிவனே நேரில் கொண்டுவந்தார். அப்போது வேறு மூன்று சவுண்ட்காரர்கள் முன்னறையில் நின்றிருந்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றுதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"சுசீலே, இது பதினொண்ணாமத்தது, கேட்டோ. நான் மோசமா சொல்றேன்னு நெனைச்சுக்கக் கூடாது. வைண்டிங் சரியல்ல."

மைனி கண்ணாடியைக் கழற்றினார். "எனக்க வைண்டிங்கா சாரே?"

"பின்னே யாரோடது? கானமேளா பாதியில குழல் நின்னா என் மானம் போறது. கோயில் கமிட்டிக்காரன் கூவறான். மதராஸ்லேந்து ஒரிஜினல் வரவழைச்சுக்கறேன். எல்லார்ட்டயும் அதைத்தான் சொல்லப்போறேன். உள்ளதைச் சொல்லாம இருக்க முடியுமா?"

அவர் போனதும் நின்றிருந்த மூவரில் ஒருவர் மேசைமேல் தான் வைத்திருந்த யூனிட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைக் கண்டபோதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது. இந்தத் தொழிலில் ஒருவர் வாயிலிருந்து விழுந்த சொல் ஒரு வாரத்தில் எல்லாக் கடைக்கும் போய்விடும். மைனியின் கை சரியில்லை என்று ஆகிவிட்டால் பிறகு அவர் சுற்றுவது எதுவும் நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

அன்று மாலை நான் என் படிப்பை எடுத்துக்கொண்டு நடுவில் இறங்கினேன்.

"மைனி, ஆம்ப்ளிஃபையர் வாட் கூடிப்போச்சு. அதுதான் காரணம். வெப்பம். கம்பி கொஞ்சம் பருமனாப் போட்டா தாங்கும்."

மைனி ஒரு டப்பாவைத் திறந்து பதினொரு பழைய டயாப்ரத்தையும் மேசையில் பரப்பினார்.

"எந்தக் கம்பி கறுத்திருக்கு, காட்டு."

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றும் மின்னின.

"வெந்தா நாறும்லா பி.எஸ்ஸி? மோந்து பாரு. இதுல ஒண்ணு கூட வேகல்ல. வேகதுக்கு நேரம் கெடைக்கல்ல, அதுக்கு மின்னமே முறிஞ்சு போச்சு." நோட்டைப் புரட்டி என் முன்னால் தள்ளினார். "இதையும் வாசி. நேமத்துக்காரனுக்கு இதே கம்பி, இதே பசை, இதே கை. அவனுக்குச் செத்தது மூணு. மூணும் வெந்தது. பாறசாலைக்காரனுக்கு ரெண்டு. வெந்தது. சாம்பசிவன் சாருக்கு மட்டும் பதினொண்ணும் முறிஞ்சது. எனக்க கை அவருக்கு மட்டும் தனியா வெறைக்குமா?"

அண்ணன் சோற்றுத் தட்டோடு உள்ளேயிருந்து சொன்னான்: "லேய், காலேஜுல மோந்து பாக்கச் சொல்லித் தரல்லியோ?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மைனி காட்டிய அடுத்த பொருள் கோபத்தை மறக்கடித்தது. டயாப்ரத்தின் குமிழில், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், நிலாவைச் சுற்றிய கோடுபோல ஒரு மெல்லிய வட்டத் தழும்பு. யூனிட்டுக்குள் டயாப்ரத்துக்கு மிக அருகே ஓர் உலோகக் கட்டை உண்டு. நடுவே தாள் கனம்தான் இடைவெளி. சாதாரணமாக டயாப்ரம் அதைத் தொடவே கூடாது. இங்கே அது போய் முட்டியிருக்கிறது, திரும்பத் திரும்ப.

"இது ரொம்பத் தூரம் ஆடிச் செத்தது" என்றார் மைனி. "யாரு இத இவ்வளவு தூரம் ஆட வச்சது? அதாக்கும் எனக்குத் தெரியணும்."

அன்று இரவு உட்கார்ந்து நான் போட்ட கணக்கை இன்றும் பெருமையாக வைத்திருக்கிறேன். ஒரே அளவு சத்தம் கேட்க வேண்டுமானால், சுருதி பாதியாகக் குறையும்போது தகடு நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். இன்னும் பாதியானால் பதினாறு மடங்கு. அதனால்தான் கீழ்ச் சத்தத்தையெல்லாம் பெரிய பேப்பர் கோனுக்கு விடுகிறார்கள். குழலுக்கு மேல் சத்தம் மட்டும். எந்தச் சத்தம் யாருக்கு என்று பங்கு வைக்கிற ஒரு சிறிய பலகை பெட்டிக்குள் இருக்கும், கிராஸ்ஓவர் என்று பெயர். குழலுக்குப் போகும் வழியில் ஒரு கண்டென்சரும் தனியாக இன்னொரு காயிலும்; கீழ்ச் சத்தம் குழலுக்குள் போகாமல் தடுப்பவை அவை. அந்தப் பங்கில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

"அப்படின்னா பெட்டியத் தொறந்து பாக்கணும்" என்றார் மைனி.

பெட்டியைத் திறப்பது எளிதல்ல. சாம்பசிவனின் பெட்டிகளை ஓட்டுபவர் பிச்சைக்கனி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது. காது கூர்மையானவர் என்று ஊரெல்லாம் பேர். தன் பெட்டியில் வேறொருவர் ஸ்க்ரூட்ரைவர் வைப்பதைப் பொறுக்க மாட்டார். மைனி கெஞ்சப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பெட்டிகள் வந்திருந்தன. என்னையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு குழலின் முன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். மைக்கில் ஒரு ஆண் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆம்பளைக்க அடிவயித்துச் சத்தம் குழல் வழியா வருது. கையில அடிக்கி. அது வரப்பிடாது. அது கீழ உள்ள கோன்ல வரணும்."

பிச்சைக்கனி சிரித்துக்கொண்டே வந்தார். "என்னக்கா, குழலுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்கியளா?"

"பிச்சைக்கனி, குரலு எப்படி இவ்வளவு கனமா வருது?"

அந்தக் கேள்வியை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். உண்மையில் பாராட்டுக்குரிய வேலைதான் என்று அவர் நம்பினார். "கம்பெனிக்காரன் குடுத்தபடி வச்சா குரலு ஒல்லியா வருதுக்கா. கமிட்டில எல்லாம் கோளாம்பி கேட்டு வளந்த ஆளுக. குழாயிலேருந்து குரலு வந்தாத்தான் அவங்களுக்குக் குரலு. 'எந்தா பிச்சக்கனி, சவுண்ட் ஜங்ஷன் வரே எத்துனில்லல்லோ'ங்கான், ஜங்ஷன் வரை சத்தம் எட்டலியாம். அதான், இருக்கிற கண்டென்சரோட இன்னொண்ணு சேத்து ஈயத்தால பத்த வச்சேன். கூடவே ஒரு காயில் கெடந்து சத்தத்தைத் தின்னுச்சு. அதை வெட்டி வீசிட்டேன். எட்டுப் பெட்டியிலயும்! இப்ப பாருங்க, பாலத்துக்கு அந்தப்பக்கம் வரை கேக்கும்."

கோளாம்பி என்பது தென்னை மரத்திலும் கோயில் கோபுரத்திலும் கட்டும் பழைய அலுமினியக் குழாய் ஒலிபெருக்கி. அதன் குரலில்தான் இங்கே மூன்று தலைமுறை பக்திப் பாட்டும் மரண அறிவிப்பும் கேட்டது. பிச்சைக்கனி தப்பு செய்தவர் அல்ல. தன் மக்களின் காதுக்கு நல்லது செய்ய நினைத்தவர். நான் பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டேன். கண்டென்சர் இரட்டிப்பு, காயில் இல்லை. ஐந்நூறு சைக்கிளில், அதாவது நொடிக்கு ஐந்நூறு அதிர்வில், அந்த டயாப்ரம் கம்பெனி நினைத்ததைவிட நாலு மடங்குக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

சொன்னபோது பிச்சைக்கனியின் முகம் மாறியது. "கம்பெனி யூனிட் இதெல்லாம் தாங்கும். உங்க டயாப்ரம்தான் தாங்கல்ல. தம்பி, கணக்கு நோட்டுல வரும். குழல்ல வராது."

மைனி கோபப்படவில்லை. நேரே சாம்பசிவன் கடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சாரே, மதராஸ்லருந்து ஒரிஜினல் வந்தாச்சா?"

"நேத்துதான் வந்தது. ரெண்டு."

"ஒண்ணு பிச்சைக்கனி மாத்தின பெட்டியில போடுங்க. இன்னொரு பெட்டியில கண்டென்சரையும் காயிலையும் பழையபடி ஆக்கி, எனக்க டயாப்ரத்தப் போடுங்க. ரெண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையர்ல, ஒரே நாள்ல ஓட்டுங்க. எனக்கது செத்தா, கரமனையில உள்ள எல்லா சவுண்ட்காரன்கிட்டயும் நானே நடந்து போய்ச் சொல்லுவேன், மதராஸ் சாதனம்தான் நல்லதுன்னு. ஒரிஜினல் செத்தா, அன்னைக்கு நீங்க எனக்க வீட்டுல வச்சு, யாரு முன்னால சொன்னியளோ, அதே ஆளுக முன்னால சொல்லணும்."

சாம்பசிவன் ஒப்புக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல அவர். "வர்ற பொங்காலைக்கு ஓட்டலாம். காலைலேந்து சாயங்காலம் வரை. அதைத் தாங்கினா எதையும் தாங்கும்."

ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவிலேயே பொங்கலிடும் பொங்காலையன்று கரமனைச் சாலையில் கார் போகாது, பஸ் போகாது. பெண்களும் செங்கல் அடுப்புகளும் மட்டும்தான். விடிவதற்குள் எங்கள் வாசல் முன்னால் ஏழு அடுப்பு வந்துவிட்டது. மைனி வாசல் குழாயில் ஹோஸ் மாட்டித் தெருவுக்கு விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்க்கப் போனார். பாலத்துப் பக்கம் இடது பெட்டி: பிச்சைக்கனியின் கண்டென்சர், மதராஸ் டயாப்ரம். எங்கள் வீட்டுப் பக்கம், சாலை வளைவில், வலது பெட்டி: கம்பெனி கொடுத்தபடி பலகை, மைனியின் டயாப்ரம். நடுவே சாமியானாவுக்குக் கீழே ஆம்ப்ளிஃபையரோடு பிச்சைக்கனி. அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாம்பசிவன்.

காலை ஆறு மணிக்குப் பாட்டு தொடங்கியது. எட்டு மணிக்கே கமிட்டியில் ஒருவர் வந்துவிட்டார்.

"பிச்சக்கனீ, ஈ வலத்தே பெட்டிக்கு எந்தா பற்றி? வாய்ஸ் மெலிஞ்ஞு." வலது பெட்டிக்கு என்ன ஆனது, குரல் மெலிந்துவிட்டதே என்கிறார்.

பிச்சைக்கனி மைனியைப் பார்த்தார். "கேட்டியளா அக்கா? நான் சொல்லல?"

"குரலு மெலியல்ல. அது கோன்ல வருது. நீ கோனுக்குக் கொடுக்காம வச்சிருக்கே" என்றார் மைனி. "மிக்சர்ல நடுச் சத்தத்த ஒரு புள்ளி ஏத்து. பெட்டிய ஸ்டூல்மேல தூக்கி வை. பொம்பளைக எல்லாம் முன்னால உக்காந்து கோனை மறைக்காவ."

பெட்டியைத் தூக்கி வைத்தோம். கமிட்டிக்காரர் சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாமல் போவது கமிட்டிக்காரர்கள் தரும் பெரிய பாராட்டு.

பத்தரை மணிக்குக் கோயிலில் தீ பற்ற வைத்ததும் அறிவிப்பு வந்தது. சாலை முழுவதும் ஒரே நேரத்தில் அடுப்புகள் புகைந்தன. கண்ணெல்லாம் எரிந்தது. அறிவிப்பாளர் ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டர். கனமான கட்டைக் குரல். அந்தக் குரல் எழும்போதெல்லாம் இடது குழல் ஒரு நொடி கரகரத்தது. முதலில் அதைக் கேட்டது பிச்சைக்கனிதான். அவர் கையிலிருந்த பென்சில் நின்றது. பன்னிரண்டு மணிக்கு நாங்களும் கேட்டோம். ஒரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், "பாலத்தினடுத்துள்ள அம்மமாருடெ ஸ்ரத்தைக்கு" என்று பாலத்தருகே உள்ள பெண்களின் கவனத்தைக் கேட்டு ஹெட்மாஸ்டர் தொடங்கும்போது தகரத்தில் கல் விழுந்ததுபோல ஒரு சத்தம். அதோடு இடது குழல் நின்றுவிட்டது.

சாம்பசிவன் எழுந்துவிட்டார். ஆனால் அப்போது யார் ஜெயித்தது என்று பார்க்க நேரமில்லை. நிவேத்தியத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பூசாரிமார் வந்து தீர்த்தம் தெளிக்கும் அறிவிப்பு பாலம் வரை கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடைசியில் உள்ள நூற்றுக்கணக்கான பெண்கள் பானையை மூடுவதா இறக்குவதா என்று தெரியாமல் நிற்பார்கள். வேறு பெட்டியைக் கொண்டுவர வண்டி நுழைய இடமில்லை. மிச்சமிருந்தது வலது குழல் ஒன்றுதான். அதற்குள் இருந்தது மைனியின் டயாப்ரம்.

"சத்தம் கூட்டண்டாம்" என்றார் சாம்பசிவன். "இதுவும் போனா முழுசா நின்னுடும்."

நானும் அதைத்தான் நினைத்தேன். பந்தயப்படி மைனி ஏற்கெனவே ஜெயித்தாயிற்று. சத்தத்தைக் கூட்டாமல் விட்டால் ஜெயித்தபடியே வீட்டுக்குப் போகலாம். கூட்டி அது செத்தால், "ரெண்டும் ஒரே நாள்ல போச்சு" என்றுதான் ஊர் பேசும்.

மைனி ஸ்டூலுக்குப் பின்னால் போய்க் குழலின் பின்புறம் இருந்த யூனிட்டின்மேல் கையை வைத்தார். புகையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பிச்சைக்கனி, கூட்டு."

"அக்கா..."

"கூட்டுப்பா. இனி இது ஆடிச் சாகாது. செத்தா வெந்துதான் சாகணும். வேகதுக்கு முன்ன காந்தம் சுடும். எனக்க கை இங்க இருக்கு."

பிச்சைக்கனி ஒரு புள்ளி கூட்டினார். குரல் வளைவைத் தாண்டியது. பாலத்துப் பக்கம் இருந்து ஓர் ஆள் கையை ஆட்டி, போதாது என்றான்.

"இன்னும் ஒண்ணு."

கூட்டினார். பாலத்துப் பக்கப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டா?" என்று இப்போது பிச்சைக்கனியே கேட்டார். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

மைனி உள்ளங்கையை எடுத்துப் புறங்கையை வைத்துப் பார்த்தார். "வேண்டாம். நிப்பாட்டு. இதுக்கு மேல வேகும்."

அதே அளவில் இரண்டே கால் மணி நேரம் அந்த ஒற்றைக் குழல் ஓடியது. மைனி ஒரு முறை தண்ணீர் குடிக்க மட்டும் நகர்ந்தார். அப்போது, சொல்லாமலே, பிச்சைக்கனி வந்து அந்த இடத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூன்றரைக்கு நிவேத்திய அறிவிப்பு. பாலம் வரை தலைகள் குனிந்தன, பானைகள்மேல் வாழையிலை விழுந்தது. பெண்களின் குரவைச் சத்தம் அந்தக் கடைசியிலிருந்தும் எழுந்து வந்தது.

சாயங்காலம் எங்கள் முன்னறையில் இரண்டு யூனிட்டையும் திறந்தோம். திறந்தவர் மைனி இல்லை, பிச்சைக்கனி. நானே பார்க்கிறேன் என்றார். மதராஸ் டயாப்ரத்தில் அதே இடத்தில் அதே வட்டத் தழும்பு, விளிம்பு விரிந்து, கம்பி அறுந்து, காயில் புத்தம் புதுசாக மின்னியது. மைனியினுடையதில் கீறல்கூட இல்லை. காயில் மட்டும் தேன் நிறத்துக்கு லேசாக மாறியிருந்தது.

"இதோ பாரு, வேகத் தொடங்கியிருக்கு" என்று மைனி அதை என்னிடம் காட்டினார். "ஒரு புள்ளி கூடியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்."

பிச்சைக்கனி மதராஸ் டயாப்ரத்தை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "பன்னெண்டு உசிரு எடுத்திருக்கேன் அக்கா."

"உசிரு ஒண்ணும் இல்ல, தகடுதான். டீயைக் குடி."

சாம்பசிவன் வாக்குத் தவறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று சவுண்ட்காரர்களையும் தானே சொல்லி அனுப்பி வரவழைத்தார். யூனிட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவரும் வந்தார், அதே பையோடு. சாம்பசிவன் உட்காரவில்லை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்.

"அன்னிக்கு நான் வைண்டிங் சரியல்லன்னு இங்க வெச்சுச் சொன்னேன். அது தப்பு. சுசீலாபாயோட வைண்டிங் நல்ல வைண்டிங். தப்பு எங்க பெட்டியிலயாக்கும் இருந்தது. இதை நீங்க எங்க வேணும்னாலும் சொல்லலாம், என் பேரைச் சொல்லியே சொல்லலாம்."

அண்ணன் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு முன்னறைக்கே வந்துவிட்டான்.

மைனி கையிலிருந்த காயிலின் கடைசிச் சுற்றை முடித்து, நுனியை ஒட்டி, அதைக் காயவைத்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார். அழுவார் என்று நினைத்தேன். இல்லை.

"சரி சாரே. மிச்சம் ஏழு பெட்டியையும் எப்ப இறக்குதிய?"

அந்த வாரமே இறக்கினார்கள். முற்றத்தில் வரிசையாக ஏழு பெட்டி. பிச்சைக்கனியும் நானும் ஒவ்வொன்றாகத் திறந்து, சேர்த்த கண்டென்சரை எடுத்து, புதிய காயிலை வைத்துப் பற்ற வைத்தோம். அந்தக் காயில்களைச் சுற்றியது மைனி. கணக்குப் போட்டது நான். என் படிப்பு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு வேலை செய்தது. அன்று மாலை அம்மாவுக்கு நான் எழுதிய கடிதத்தில் பட்டமளிப்பு விழாவைப் பற்றி எழுதியதைவிட அதிகம் எழுதினேன்.

அதன்பின் மைனி ஒரு சட்டம் வைத்தார். யூனிட்டை மட்டும் கொண்டுவந்தால் தொடமாட்டார். பெட்டிக்குள் இருக்கும் பலகையையும் கழற்றிக் கொண்டுவர வேண்டும். "ஆளக் கொன்ன ஆயுதத்தக் காட்டாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தா என்ன பண்ணுவேன்?" என்பார். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள்கூட ஒரு கையில் யூனிட்டும் இன்னொரு கையில் பலகையுமாகத்தான் இறங்குகிறார்கள்.

சரிசெய்த ஒவ்வொரு யூனிட்டின் முதுகிலும் மைனி ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுகிறார். அதில் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே உள்ள சத்தத்தை இதற்கு விடாதே என்று பொருள். கீழே 'சுசீலாபாய், கரமனை' என்று பெயர். தொடக்கத்தில் எண்களை நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். 2003-இல் ஒரு புதுவகை யூனிட் வந்தது. புத்தகம் பார்த்து ஆயிரத்து இருநூறு என்றேன். மைனி டயாப்ரத்தின் விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினார். நான் பசை எடுத்துக் கொடுத்தேன். அந்த யூனிட்டை எடுத்துப் போனவர் இன்றுவரை அதைச் செத்ததென்று திரும்பக் கொண்டுவரவில்லை.